'72 மணி நேரத்தில் உங்கள் பேப்பர் ரெடி!' - போலி ஆய்விதழ்கள் வலை விரிப்பது எப்படி?

பிஎச்.டி. சேர்ந்து ஒரே ஒரு கருத்தரங்கில் பேசியிருந்தால் போதும், மெயில் வரத் தொடங்கிவிடும். "மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு, உங்கள் தலைசிறந்த ஆய்வைக் கண்டு வியந்தோம். எங்கள் சர்வதேச இதழின் அடுத்த பதிப்புக்கு உங்கள் கட்டுரையை அனுப்புங்கள். 72 மணி நேரத்தில் முடிவு, ஒரு வாரத்தில் வெளியீடு" என்ற ரகத்தில் இருக்கும். டாக்டர் பட்டம் வர இன்னும் மூன்று வருஷம் இருக்கும். மெயில் அனுப்பியவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

சிலர் சிரித்துவிட்டு டெலீட் செய்வார்கள். ஆனால், "பேப்பர் போட்டாச்சா?" என்று கைடு தினமும் கேட்கும்போது, பதவி உயர்வுக்கான படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கும்போது, அதே மெயில் வரம்போலத் தெரியும். சில ஆயிரம் ரூபாய்தானே என்று கட்டியும் விடுவார்கள். அதற்குப் பிறகுதான் சிக்கலே ஆரம்பம்.

'பிரிடேட்டரி ஜர்னல்' என்று கல்வி உலகம் அழைக்கும் இந்த வேட்டை இதழ்கள் எப்படி உருவாயின, யாரைக் குறிவைக்கின்றன, எப்படித் தப்பிப்பது? பார்ப்போம்.

ஓபன் ஆக்சஸ் நல்ல விஷயம்தானே?

நல்ல விஷயம்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆய்விதழ்கள் நெடுங்காலமாகச் சந்தாவில்தான் ஓடின. சந்தா கட்ட வசதியுள்ள நூலகம் இருந்தால் படிக்கலாம்; இல்லையென்றால் கட்டுரைச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆய்வுக்குப் பெரும்பாலும் பணம் தருவது அரசு. கட்டுரை எழுதும் ஆய்வாளருக்கு இதழ் சம்பளம் தருவதில்லை. அதைப் படித்து மதிப்பிடும் சக ஆய்வாளரும் பெரும்பாலும் இலவசமாகவே செய்கிறார். கடைசியில் அந்தக் கட்டுரையைப் படிக்க, அரசு நடத்தும் கல்லூரியே திரும்பவும் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

இதற்கு மாற்றாகத்தான், ஆய்வுகளை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்ற 'ஓபன் ஆக்சஸ்' இயக்கம் வளர்ந்தது. 2002-ல் வெளியான புடாபெஸ்ட் பிரகடனம் இதில் ஒரு மைல்கல். இன்று ஒரு கிராமத்து மருத்துவரும் புதிய ஆய்வு ஒன்றை போனிலேயே படிக்க முடிகிறது என்றால், இந்த இயக்கத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அப்போ சிக்கல் எங்கே வந்தது?

வாசகர் காசு கொடுக்கவில்லை என்றால் வேறு யாராவது கொடுக்க வேண்டும். சில இதழ்களுக்கு அரசோ, அறிவியல் அமைப்புகளோ செலவைப் பார்த்துக்கொள்கின்றன. பல இதழ்கள், கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு எழுதியவரிடமே வெளியீட்டுக் கட்டணம் வாங்குகின்றன.

இங்கேதான் கணக்கு மாறுகிறது. சந்தா முறையில் இதழின் வாடிக்கையாளர் வாசகர். சரக்கு மட்டமானால் சந்தா போகும். கட்டண முறையில் வாடிக்கையாளர் எழுதுபவர். ஒரு கட்டுரையை நிராகரித்தால் ஒரு வருமானம் போச்சு, ஏற்றுக்கொண்டால் பணம். நேர்மையான பதிப்பகம் இந்த ஆசைக்கு இடம் கொடுக்காமல், கட்டண விவகாரம் ஆசிரியர் குழுவின் முடிவைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளும். நேர்மை இல்லாதவர்களுக்கோ இது கல்லாப்பெட்டி.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கட்டணம் வாங்குவதே மோசடி அல்ல. வாங்கிய காசுக்குச் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல், செய்ததாகச் சொல்வதுதான் மோசடி. அந்த வேலையின் பெயர் 'பியர் ரிவ்யூ'. அதாவது, அதே துறையில் இருக்கும் வேறு ஆய்வாளர்கள் கட்டுரையைப் படித்து, தவறுகளைச் சுட்டி, ஏற்கலாமா வேண்டாமா என்று சொல்வது. இதற்கு வாரங்கள் ஆகும், பல நேரம் மாதங்கள் ஆகும். 72 மணி நேரத்தில் அது நடந்தது என்றால், பெரும்பாலும் நடக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

யார் கண்டுபிடித்தார்கள்?

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டென்வர் வளாகத்தில் நூலகராக இருந்தவர் ஜெஃப்ரி பீல். இப்படி வரும் மெயில்களைக் கவனித்து, 2010 வாக்கில் 'பிரிடேட்டரி' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சந்தேகத்துக்குரிய பதிப்பகங்களின் பட்டியலையும் இணையத்தில் வெளியிட்டார். வளரும் நாடுகளின் இதழ்களை அவசரப்பட்டு முத்திரை குத்துகிறார் என்ற விமர்சனமும் அவர் மீது இருந்தது. 2017 ஜனவரியில் அந்தப் பட்டியல் இணையத்திலிருந்து நீக்கப்பட்டது.

இதற்கிடையே வேறு சிலர் நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள்.

2013-ல் 'சயின்ஸ்' இதழுக்காக ஜான் போஹனன் என்ற பத்திரிகையாளர் ஒரு போலி ஆய்வுக் கட்டுரையைத் தயாரித்தார். பாறையிலும் மரப்பட்டையிலும் வளரும் லைக்கனிலிருந்து எடுத்த ஒரு பொருள் புற்றுநோய் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்றது அந்தக் கட்டுரை. துறை தெரிந்தவர் சில நிமிடங்களில் பிடித்துவிடக்கூடிய பிழைகளை வேண்டுமென்றே வைத்திருந்தார். எழுதியவர் பெயரும் கற்பனை, நிறுவனமும் கற்பனை. 304 ஓபன் ஆக்சஸ் இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன, 98 நிராகரித்தன. இந்தியாவை மையமாகக் கொண்டவற்றில் 64 இதழ்கள் ஏற்றன. நிராகரித்தவை 15 மட்டுமே.

இதே சோதனையில் 'பிளோஸ் ஒன்' என்ற ஓபன் ஆக்சஸ் இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. ஆய்வு நெறிமுறை தொடர்பான விவரங்கள் இல்லையே என்று கேள்வி கேட்ட ஒரே இதழும் அதுதான். அதுவும் கட்டணம் வாங்கும் இதழ்தான். மறுபக்கம், எல்சவியர், சேஜ் போன்ற பெரிய பதிப்பகங்கள் வெளியிட்ட சில இதழ்கள் அந்தப் போலிக் கட்டுரையை ஏற்றுக்கொண்டன. ஆக, பெரிய பெயர் இருந்தால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது.

2017-ல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் போலந்து ஆய்வாளர்கள் இன்னொரு வேலை செய்தார்கள். 'அன்னா ஓ. ஷூஸ்ட்' என்ற பெயரில் ஒரு கற்பனைப் பேராசிரியரை உருவாக்கி, 360 இதழ்களுக்கு ஆசிரியர் குழுவில் சேர விண்ணப்பம் போட்டார்கள். 'ஓஷூஸ்ட்' என்றால் போலந்து மொழியில் மோசடிக்காரர். ஆசிரியராக இருக்கும் அளவுக்கு அவருக்குத் தகுதி எதையும் காட்டவில்லை. இருந்தும் 48 இதழ்கள் அவரைச் சேர்த்துக்கொண்டன. அதில் 40, பீல் பட்டியலில் இருந்தவை.

உச்சம் 2014-ல் நடந்தது. 'என்னை உங்க மெயில் லிஸ்ட்டிலிருந்து எடுத்துத் தொலைங்க' என்று பொருள்படும் ஒரு கெட்ட வார்த்தை வாக்கியத்தையே பத்துப் பக்கம் திரும்பத் திரும்ப அடித்து, இரண்டு அமெரிக்கக் கணினி அறிவியலாளர்கள் முன்பு எப்போதோ கேலிக்காக ஒரு 'கட்டுரை' தயாரித்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவர், தன்னைத் தொல்லை செய்த இதழுக்கு அதை அப்படியே அனுப்பிவைத்தார். இதழ் ஏற்றுக்கொண்டது! 150 டாலர் கட்டச் சொல்லிப் பதிலும் வந்தது. அவர் கட்டவில்லை.

ஹைதராபாத் வழக்கு சொல்வது என்ன?

இந்த விவகாரத்தில் நீதிமன்றம் வரை போன மிகப் பெரிய வழக்கு ஓர் இந்திய நிறுவனத்தைப் பற்றியது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் குழுமம், நூற்றுக்கணக்கான இதழ்களை வெளியிட்டு, உலகம் முழுக்கக் கருத்தரங்குகளையும் நடத்திவந்தது. 2013-ல் ஜெஃப்ரி பீலுக்கு 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போடுவோம் என்று எச்சரிக்கை அனுப்பியதும் இதே நிறுவனம்தான்.

2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் ஓமிக்ஸ் மீது வழக்குத் தொடர்ந்தது. குற்றச்சாட்டுகள் இவை: முறையான மதிப்பாய்வு நடப்பதாகச் சொல்லிவிட்டுச் செய்யவில்லை. கட்டணம் எவ்வளவு என்பதைக் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகுதான் சொன்னார்கள். சம்மதமே தராத ஆய்வாளர்களின் பெயர்களை ஆசிரியர் குழுவில் போட்டார்கள். இதழ்களின் 'இம்பாக்ட் ஃபேக்டர்' பற்றித் தவறான தகவல் தந்தார்கள். வராத பிரபலங்கள் கருத்தரங்கில் பேசுவதாக விளம்பரம் செய்தார்கள்.

இதில் இளம் ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய குற்றச்சாட்டு இன்னொன்று. சந்தேகம் வந்து கட்டுரையைத் திரும்பக் கேட்டவர்களுக்கு அது கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்குக் கொடுப்பது ஆய்வு நெறிமுறைப்படி தவறு. ஆகவே, அங்கே மாட்டிய கட்டுரையை வேறு நல்ல இதழுக்கு அனுப்பவும் முடியாது. இரண்டு மூன்று வருஷ உழைப்பு பிணைக்கைதி மாதிரி சிக்கிக்கொள்ளும்.

ஓமிக்ஸ் குற்றச்சாட்டுகளை மறுத்தது. ஆனால், 2019 மார்ச்சில் நெவாடா மாவட்ட நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்து, 5 கோடி டாலருக்கும் அதிகமான தொகையைக் கட்ட உத்தரவிட்டது. அன்றைய மதிப்பில் சுமார் 350 கோடி ரூபாய். 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது.

தெரிந்தும் ஏன் போகிறார்கள்?

எல்லோரும் ஏமாந்து போவதில்லை. சிலர் தெரிந்தேதான் போகிறார்கள். அந்தச் சிலரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவதும் நியாயமில்லை. அமைப்பே அப்படித் தள்ளியது.

2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரி ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஏபிஐ என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இவ்வளவு புள்ளி, கருத்தரங்குக்கு இவ்வளவு புள்ளி. பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் குறைந்தது ஒரு கட்டுரை இதழில் வந்திருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. வாரத்துக்கு இருபது மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டு, ஆய்வகமோ நல்ல நூலகமோ இல்லாத கல்லூரியில் இருப்பவரிடமும் அதே எண்ணிக்கை கேட்கப்பட்டது. தேவை இருக்கும் இடத்தில் கடை திறக்க ஆள் வராமல் இருப்பார்களா?

தரத்தைக் கட்டுப்படுத்த யுஜிசி 2017-ல் அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. அந்தப் பட்டியலுக்குள்ளேயே போலிகள் புகுந்தன. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்ந்த இதழ்களில் 1,009-ஐ புனே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு ஆராய்ந்து, 88 சதவீதத்துக்கும் மேல் தரமற்றவையாக இருக்கலாம் என்று 2018-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எழுதியது. பல இதழ்களுக்குச் சரியான முகவரிகூட இல்லை. அதே ஆண்டு மே மாதம் 4,305 இதழ்களை யுஜிசி பட்டியலிலிருந்து தூக்கியது. பிறகு 'கேர்' என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, இதழின் தரத்தைக் கல்வி நிறுவனங்களே முடிவுசெய்துகொள்ளட்டும் என்று அளவுகோல்களை மட்டும் தந்துவிட்டது.

நடுவில் ஒரு நல்ல மாற்றமும் நடந்தது. 2022 நவம்பரில் வந்த புதிய பிஎச்.டி. விதிமுறைகளில், ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி நீக்கியது. ஆனால், பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் விதி வைத்துக்கொள்ளலாம். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி என்ன என்பதை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். "சீனியர் சொன்னாங்க" என்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இது சின்ன ஆட்கள் மட்டும் செய்யும் வேலையா?

இல்லை. ஹிண்டாவி என்று ஒரு பதிப்பகம். எகிப்தில் தொடங்கி, ஓபன் ஆக்சஸ் உலகில் நல்ல பெயர் எடுத்தது. 2021-ல் அமெரிக்காவின் வைலி நிறுவனம் அதை 29.8 கோடி டாலருக்கு வாங்கியது. ஹிண்டாவி இதழ்களின் 'சிறப்பிதழ்'களை வெளியில் இருந்து வரும் கௌரவ ஆசிரியர்கள் நடத்துவார்கள். அந்த வாசல் வழியாக 'பேப்பர் மில்' கும்பல்கள் நுழைந்தன. காசு கொடுத்தால் கட்டுரை தயாரித்து, உங்கள் பெயரையும் போட்டுத் தருவதுதான் பேப்பர் மில் வேலை. 2023-ல் மட்டும் ஹிண்டாவி 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. கடைசியில் ஹிண்டாவி என்ற பெயரையே கைவிடுவதாக வைலி அறிவித்தது.

இப்படிப்பட்ட தயாரிப்புகளைக் காட்டிக்கொடுத்த தடயம் சுவாரஸ்யமானது. திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை ஏமாற்ற, வேறு கட்டுரைகளின் வரிகளை எடுத்துச் சொற்களை மட்டும் இயந்திரத்தால் மாற்றுவார்கள். 'செயற்கை நுண்ணறிவு' என்பது 'கள்ள உணர்வு' என்ற பொருளில் மாறும். 'மார்பகப் புற்றுநோய்' என்பது 'நெஞ்சு ஆபத்து' ஆகும். பிரான்ஸைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் கியோம் கபனாக்கும் சக ஆய்வாளர்களும் 2021-ல் இப்படிப்பட்ட 'சித்திரவதை செய்யப்பட்ட சொற்றொடர்'களைத் தேடித் தொகுத்து, ஏராளமான கட்டுரைகளைச் சந்தேக வளையத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

மோசடி இல்லாத இடத்திலும் காசு விவகாரம் புகைகிறது. 2023 ஏப்ரலில் எல்சவியரின் 'நியூரோஇமேஜ்' இதழின் ஆசிரியர்கள் 40-க்கும் மேற்பட்டோர் மொத்தமாக ராஜினாமா செய்தார்கள். ஒரு கட்டுரைக்கு 3,450 டாலர் என்ற கட்டணம் நியாயமில்லை என்பது அவர்கள் வாதம். வெளியே வந்து, லாப நோக்கமற்ற புதிய இதழைத் தொடங்கினார்கள். 3,450 டாலர் என்பது நம் ஊரில் ஓர் ஆய்வு மாணவரின் பல மாத உதவித்தொகை. நல்ல இதழின் கதவு இவ்வளவு உயரத்தில் இருக்கும்போது, பக்கத்துச் சந்தில் இருக்கும் மலிவான கடையை நோக்கிச் சிலர் திரும்புவதில் ஆச்சரியம் இல்லை.

யாருக்கு நஷ்டம்?

முதல் நஷ்டம் எழுதியவருக்கு. நாளைக்கு நேர்முகத் தேர்வில் உட்காரும்போது, அந்த ஒரு இதழின் பெயர் மற்ற நல்ல கட்டுரைகளின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பும்.

பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கனடாவின் டேவிட் மோஹர் தலைமையிலான குழு, வேட்டை இதழ்கள் என்று சந்தேகிக்கப்பட்டவற்றில் வந்த 1,907 உயிர்மருத்துவக் கட்டுரைகளை ஆராய்ந்து 2017-ல் 'நேச்சர்' இதழில் எழுதியது. அந்த ஆய்வுகளில் 20 லட்சத்துக்கும் அதிகமான மனிதர்களின் தரவுகளும், 8,000-க்கும் மேற்பட்ட விலங்குகளும் பயன்படுத்தப்பட்டிருந்தன. கட்டுரைகளின் தொடர்பு ஆசிரியர்களில் 27 சதவீதம் பேர் இந்தியர்கள். அடுத்து 15 சதவீதம் அமெரிக்கர்கள். அதாவது, இது ஏழை நாட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல.

ரத்தம் கொடுத்த, கேள்விகளுக்குப் பதில் சொன்ன அந்த நோயாளிகள், மருத்துவம் முன்னேறட்டும் என்று நம்பித்தான் சம்மதித்திருப்பார்கள். யாரும் சரிபார்க்காத இடத்தில் வெளிவந்த ஆய்வு நல்லதாகவே இருந்தாலும் கவனிக்கப்படாமல் வீணாகிறது. தவறானதாக இருந்தால் இன்னும் மோசம். கூகுளில் தேடும் ஒருவருக்கு நல்ல இதழும் போலி இதழும் ஒரே வரிசையில்தான் வரும். 'ஆய்வில் நிரூபணம்' என்று வாட்ஸ்அப்பில் ஓடும் மருந்துக் கதைகளுக்கு, இப்படி ஒரு லிங்க் கிடைத்தால் போதும்.

அனுப்பும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

1. லோகோவை நம்பாதீர்கள். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், டிஓஏஜே என்று எந்தப் பெயரை இதழ் போட்டிருந்தாலும், அந்தந்தத் தளத்துக்கே போய் இதழின் பெயரைத் தேடுங்கள். முன்பு இருந்து பின்னர் நீக்கப்பட்டதா என்றும் பாருங்கள்.

2. ஐஎஸ்எஸ்என் தரச் சான்று அல்ல. அது வெறும் அடையாள எண். டிஓஐயும் அப்படித்தான்.

3. 'இம்பாக்ட் ஃபேக்டர்' எங்கிருந்து வந்தது? உண்மையான இம்பாக்ட் ஃபேக்டரைக் கணக்கிட்டு வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம். 'குளோபல்', 'யுனிவர்சல்' என்ற முன்னொட்டுகளோடு வந்தால் உஷார்.

4. முகவரியைச் சரிபாருங்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடி அச்சு அசலாக போலித் தளம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். மெயிலில் வந்த லிங்க்கைத் தொடாமல், தரவுத்தளத்தில் உள்ள முகவரி வழியாகப் போங்கள்.

5. ஆசிரியர் குழுவில் இரண்டு பேரைத் தேடுங்கள். அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா? சந்தேகம் என்றால் அவர்களுக்கே ஒரு மெயில் போடுங்கள்.

6. கடைசி இதழில் இரண்டு கட்டுரைகளைப் படியுங்கள். பொறியியலும் யோகாவும் வங்கித் துறையும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

7. கட்டணம் தளத்தில் வெளிப்படையாக இருக்கிறதா? கட்டணம் இல்லாத நல்ல இதழ்களும் இருக்கின்றன. பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் அகாடமியின் இதழ்களில் எழுதுபவர் கட்டணம் தர வேண்டியதில்லை. டிஓஏஜே தளத்தில் கட்டணமில்லா இதழ்களைத் தனியாகத் தேடும் வசதி உண்டு.

ஏற்கெனவே மாட்டிக்கிட்டேன், என்ன செய்வது?

முதலில், கூடுதல் பணம் எதையும் கட்டாதீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக மெயிலில் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். காப்புரிமைப் படிவத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை என்றால் போடாதீர்கள். கைடிடமும் நூலகரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். அதே கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்புவதாக இருந்தால், நடந்ததை அந்த இதழின் ஆசிரியருக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மறைத்து அனுப்பிப் பின்னால் தெரியவந்தால், இரட்டை வெளியீடு என்ற பழி உங்கள் மேல்தான் விழும்.

மருந்து எங்கே இருக்கிறது?

படிப்பதற்கான செலவைக் குறைக்க மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை 6,300 அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. படிக்கும் பிரச்சினைக்கு இது ஓரளவு தீர்வு. எழுதுபவரின் நெருக்கடி அப்படியே இருக்கிறது.

போலி இதழ்களின் பட்டியல் போட்டுக்கொண்டே இருக்கலாம். ஒன்றை மூடினால் வேறு பெயரில் இரண்டு முளைக்கும். ஒருவரின் பணிக்கும் பதவி உயர்வுக்கும் உட்காரும் குழு, எத்தனை கட்டுரை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டு, அவர் எழுதியதில் சிறந்த இரண்டை எடுத்துப் படித்துப் பார்க்கத் தொடங்கினால் இந்த வியாபாரத்தில் பாதி அன்றைக்கே படுத்துவிடும். படிக்க யாராவது ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால், காசு கொடுத்து அச்சேற்றிய கட்டுரையை யாரும் நீட்ட மாட்டார்கள்.

அதுவரை, உங்கள் இன்பாக்ஸில் யாராவது உங்களை அளவுக்கு மீறிப் புகழ்ந்தால், பதில் எழுதும் முன் ஒரு பத்து நிமிஷம் தேடிப் பாருங்கள்.